எட்டு வாளித் தண்ணீர்

பித்தளைத் தகட்டின் இரண்டு விளிம்புகளைச் சேர்த்து, வெங்காரம் தடவி, நெருப்பில் காட்டி ஒன்றாக்குவதற்குப் பத்து வைப்பது என்று பெயர். ஐம்பது வருஷம் அதைச் செய்த மனிதரைப் பட்டறையில் பத்துக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்தது. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது.

சிரித்துக்கொண்டே பேசுகிறவனை அவர் நம்பமாட்டார். சிரிக்காமல் பேசுகிறவனையும் நம்பமாட்டார். தண்ணீரை நம்புவார். தண்ணீருக்கு முகத்தாட்சண்யம் கிடையாது. ஓட்டை இருந்தால் வரும், இல்லாவிட்டால் வராது. அந்தப் பட்டறையின் வழக்கமும் அப்படித்தான். வயிறு உள்ள எந்தப் பாத்திரமும் தண்ணீர் பார்க்காமல் வாசல் தாண்டாது. கழுத்துவரை தண்ணீர் ஊற்றி, அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, கதவைச் சாத்திக்கொண்டு போவார்கள். மறுநாள் கதவு திறந்ததும் முதல் வேலை தாளைத் தடவிப் பார்ப்பது. தாள் மொறமொறவென்று இருந்தால் இரண்டு பேர் பாத்திரத்தைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டுவார்கள். நனைந்திருந்தால் பத்து வைத்தவன் தலைகுனிந்து நிற்பான்.

ஹோட்டல் ஆர்டர் ஒன்று வருவதற்கு மூன்று மாதம் முன்னால் ஒரு அண்டா திரும்பி வந்தது. வாங்கிய இடத்தில் ஒழுகியதாம். அதன் அடியில் முழங்கை போகிற அளவுக்கு ஒரு நசுங்கல் இருந்தது. எவனோ படிக்கட்டில் உருட்டியிருக்கிறான். நசுங்கலை ஒருவரும் பார்க்கவில்லை. பத்துக்காரரின் கையைத்தான் பார்த்தார்கள்.

பார்த்தவர்களில் முதல் ஆள் பட்டறை முதலாளி. அவன் பத்துக்காரரின் மனைவிக்குக் கடைசித் தம்பி. வயது ஐம்பத்தைந்து ஆகி, மீசை நரைத்து, முன்வழுக்கையும் விழுந்தாயிற்று. ஆனாலும் குடும்பத்தில் அவன் பெயர் இன்னமும் சின்னவன்தான். சின்னவன் கொஞ்ச நாளாகவே கேஸ் வெல்டிங் பெட்டி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று பட்டறையைச் சுற்றிச் சுற்றி வந்தான். பட்டறையில் ஒரே ஒரு ஜன்னல். ஜன்னலடியில் பத்துக்காரரின் மேடை. அவன் கண் எங்கே போய் நின்றது என்பதைக் கண் தெரியாதவன்கூடச் சொல்லிவிடுவான்.

"அத்தான், வயசாச்சு. கண்ணும் முன்ன மாதிரி இல்ல. வாசல்கிட்ட ஒரு ஸ்டூல் போட்டுத் தரேன். லேபிள் ஒட்டுங்க. நிழலா இருக்கும்."

"நிழல்ல உக்காந்து லேபிள் ஒட்டவா உங்கப்பா எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்தாரு?"

"எதுக்கு எடுத்தாலும் எங்கப்பாவ ஏன் இழுக்கறீங்க?"

"நீ இழுக்கலையே, அதான் நான் இழுக்கறேன்."

இந்தச் சமயத்தில்தான் அந்த ஆர்டர் வந்தது. புதிதாகக் கட்டிய பெரிய ஹோட்டல் ஒன்றின் முன்கூடத்தில் வைப்பதற்குப் பித்தளையில் ஒரு சிற்பம். அந்தக் காலத்தில் தேநீருக்கு வெந்நீர் போட்ட பாத்திரத்தின் சாயலில், ஆள் உயரத்துக்கு. நடுவில் கரி போடும் குழாய், அதைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் பெரிய வயிறு, முன்பக்கம் திருகு குழாய், தலையில் ஒரு கெண்டி. அதோடு விட்டார்களா? வயிற்றைச் சுற்றி ஒட்டக வரிசை, கழுத்தில் பாய்மரக் கப்பல்கள், கைப்பிடியில் கொடி மாதிரி கோத்த குட்டிக் கோப்பைகள், மேலெல்லாம் தேயிலை. சித்திரம் வெட்டுகிறவன் தேயிலையைத் தூளாகத்தான் பார்த்திருக்கிறான். அவன் வெட்டிய இலை மாவிலை மாதிரி இருந்தது. அதையும் ஒருத்தர் தடவித் தடவிப் பார்த்து, "என்ன ஒரு உயிர்ப்பு!" என்றார்.

அந்த ஒருத்தர்தான் ஹோட்டல்காரர்கள் அனுப்பிய கலை ஆலோசகர். கரியும் அரம் ராவிய பித்தளைத் தூளும் கிடக்கிற பட்டறைக்குள் பால் மாதிரி வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வந்தார். அன்று முதல் அவருக்கு அங்கே வெள்ளை ஷூ என்றே பெயர் வழங்கியது. ஷூ அழுக்காகக் கூடாதென்று கொக்கு மாதிரிக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தபடி பேசுவார்.

"இது பாத்திரம் இல்லைங்க, பெரியவரே. இது ஒரு உரையாடல்."

"யாரு கூட?" என்றார் பத்துக்காரர்.

வெள்ளை ஷூ சிரித்தார். கேள்வி கேட்டால் சிரிக்கிறவனிடம் பதில் இருக்காது. பத்துக்காரர் அரத்தை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

அன்று மாலை சின்னவன் மேடைக்கு வந்தான். "அத்தான், இந்தப் பத்து வேலை முழுக்க உங்களுக்குத்தான்."

பத்துக்காரருக்குச் சந்தேகம் வந்தது. கேட்காமல் கொடுக்கிறவனை இரண்டு தரம் பார்க்க வேண்டும். "அண்டா ஒழுகுச்சுன்னு சொன்ன. இப்ப இவ்ளோ பெரிசக் குடுக்கற?"

"அட, இது ஒழுகினா என்ன ஒழுகாட்டி என்ன? இதுல யாரு தண்ணி ஊத்தப் போறா? பார்வைக்குத்தானே. மூட்டு கண்ணுக்குத் தெரியாம இருந்தாச் சரி."

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. ஒழுகினாலும் பரவாயில்லை என்பதால் அவருக்கு ஒரு வேலை! கிழட்டு மாட்டைப் பொம்மை வண்டியில் பூட்டுகிற கணக்கு.

"சரி. தண்ணி பாத்து நின்னுச்சுன்னா?"

"நின்னுச்சுன்னா அந்த ஜன்னல் உங்களுக்கு. உசுரு இருக்கறவரைக்கும் ஒருத்தன் கை வைக்கமாட்டான்." சின்னவன் பெரிய மனதோடு சொல்லிவிட்டு, உடனே விரலையும் நீட்டினான். "ஆனா தண்ணி ஊத்தக் கூடாது. உள்ள கறை புடிச்சா வெள்ளை ஷூ கத்துவாரு."

சோறு உனக்குத்தான், ஆனால் சட்டியைத் திறக்காதே என்கிற நியாயம்.

அடுத்த நாற்பது நாளும் பத்துக்காரர் யாரோடும் அதிகம் பேசவில்லை. பொம்மைப் பாத்திரத்துக்குப் பொம்மைப் பத்து போதும் என்று மற்றவர்கள் சொன்னபோது அவர் ஒவ்வொரு மூட்டையும் உள்ளேயும் வெளியேயும் இரண்டு தரம் ஓட்டினார். விளிம்புகளைப் பல் வெட்டிக் கோத்தார். நெருப்பின் நிறம் பார்த்து நிறுத்தினார். ஆரஞ்சுக்கு ஒரு மயிரிழை முன்னால். சும்மா ஒரு திருகுபிடி வைத்தால் போதும் என்று வரைபடத்தில் போட்டிருந்த இடத்தில், நிஜமான குழாயை அரைத்துப் பொருத்தினார். வெள்ளை ஷூ அதைத் திருகிப் பார்த்துவிட்டு, "ஆஹா, சுழலுது. குறியீடு!" என்றார். குழாய் சுழலாமல் வேறென்ன செய்யும்?

வேலை முடிந்தது. வியாழக்கிழமை, வெள்ளை ஷூ சொன்னபடி, அதன் நாலு கால்களும் நிற்கிற வளையத்தைக் கருங்கல் பலகை ஒன்றின் மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். திங்கட்கிழமை லாரி வரும் என்றார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு, மெருகு கொஞ்சம் மிச்சம் என்று சொல்லிப் பத்துக்காரர் தங்கினார். ஸ்டூல் போட்டு ஏறித் தலைக் கெண்டியைக் கழற்றினார். தொட்டியிலிருந்து மொண்டு மொண்டு எட்டு வாளித் தண்ணீர் ஊற்றினார். எழுபத்திரண்டு வயதில் எட்டு வாளியைத் தலைக்கு மேல் தூக்குவது விளையாட்டில்லை. அன்று இரவு வீட்டில் தோள் ஏன் அசையவில்லை என்று கேட்ட மனைவியிடம் வாயுப் பிடிப்பு என்று சொன்னார். கழுத்துவரை நிரப்பி, கெண்டியை மறுபடி திருகி, வயிற்றுக்கு அடியில் பலகை மேல் தாளைச் செருகிவிட்டுத்தான் போனார்.

சனிக்கிழமை காலையில் நேராகப் போய்த் தாளைத் தடவியிருப்பார். ஆனால் மனைவி கண் ஆஸ்பத்திரியில் எட்டு மணிக்கு டோக்கன் வாங்கி வைத்திருந்தாள்.

"என் தம்பி உங்க கண்ணச் சொல்றான். டாக்டர் சொல்லட்டும், யாரு கண்ணு பொட்டைன்னு."

"எனக்கு வேலை இருக்கு."

"ஐம்பது வருஷமா இருக்கு. கிளம்புங்க."

டாக்டர் விளக்கடித்துப் பார்த்துக் கண்ணில் கோளாறு எதுவும் இல்லை, கிட்டத்தில் பார்க்க ஒரு கண்ணாடி போதும் என்று எழுதிக்கொடுத்தார். கண்ணாடி விற்கும் கடையும் அதே வாசலில் இருந்ததால் பத்துக்காரர் அதையும் நம்பவில்லை. மனைவி வாங்கித் திணித்ததைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்கு நடந்தார். போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு.

பாத்திரம் நின்ற இடம் வெறுமையாக இருந்தது. லாரி முன்கூட்டியே வந்துவிட்டதாம்.

"பத்துப் பேரு அத்தான், பத்துப் பேரு!" சின்னவன் கையை விரித்தான். "மூச்சு வாங்கிட்டாங்க. இவ்ளோ கனமான்னு வெள்ளை ஷூவே அசந்து போயிட்டாரு. எங்க பட்டறைத் தகடு அப்படின்னு சொன்னேன்."

பத்துக்காரர் தரையைப் பார்த்தார். "தாள் ஒண்ணு இருந்துச்சே?"

"எந்தத் தாள்? குப்பையெல்லாம் பெருக்கித் தள்ளியாச்சு."

ஏற்றியவர்களுக்கு உள்ளே தண்ணீர் இருப்பது ஏன் தெரியவில்லை என்றால், அரைகுறையாக இருந்தால்தானே சத்தம் போடும். நிறைகுடம் தளும்பாது என்று சும்மாவா சொன்னார்கள்? கல்லோடு முடுக்கிவிட்டதால் கவிழ்க்கவும் இல்லை. அந்தப் பட்டறையில் இத்தனை வருஷத்தில் பாத்திரத்தோடு தண்ணீரையும் சேர்த்து அனுப்பியது இதுதான் முதல் தடவை.

சொல்லிவிடலாமா என்று நினைத்தார். சொன்னால் ஆள் அனுப்பித் திறந்து கொட்டிவிடுவார்கள். நின்றதா ஒழுகியதா என்று யாருக்கும் தெரியாமலே போகும். தண்ணீர் ஊற்றக் கூடாதென்ற பேச்சை மீறிய பழி மட்டும் மிஞ்சும். வாயை மூடிக்கொண்டார். திங்கட்கிழமை கேஸ் பெட்டி ஜன்னலடிக்கு வந்தது. அவருடைய சுத்தியும் அரமும் ஒரு சாக்கில் கட்டி வாசல் ஸ்டூலுக்கு அடியில் கிடந்தன. திறப்புவிழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. மூன்று வாரமும் லேபிள் ஒட்டினார். ஒவ்வொன்றும் கோணல். போன் மணி அடிக்கும்போதெல்லாம் ஹோட்டலில் தரை நனைந்துவிட்டதோ என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விழாவுக்குப் பட்டறைக்கும் அழைப்பு வந்தது. பத்துக்காரர் துவைத்த சட்டையும், மனைவி பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்த சேலையுமாகப் போனார்கள். ஹோட்டலின் முன்கூடம் எட்டு லாரி நிறுத்துகிற அகலம். கண்ணாடிச் சுவர், காலடியில் முகம் தெரிகிற தரை. நடுவில் விளக்கு வெளிச்சத்தில் நின்றது அந்தப் பித்தளைப் பூதம். அதன் பக்கத்தில் எழுதி வைத்திருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தார். வரலாறு என்ற வார்த்தை நான்கு இடத்தில் வந்தது. பத்து வைத்தவன் ஓரிடத்திலும் வரவில்லை.

அவர் போனது அதைப் படிக்க இல்லை. யாரும் பார்க்காத பக்கமாகப் போய், தரையில் மண்டி போட்டு, சட்டைப்பையிலிருந்த கண்ணாடியை முதல் தடவையாக மாட்டிக்கொண்டு, வயிற்றுக்கு அடியில் எட்டிப் பார்த்தார். கையை விட்டுத் தடவினார். கருங்கல் காய்ந்து கிடந்தது. மூட்டு முழுக்க விரலை ஓட்டினார். சாம்பல் மாதிரி உலர்ந்திருந்தது.

"என்ன, கும்பிடறீங்களா?" என்றாள் மனைவி.

"ஆமா," என்றார். அவர் வாய் கோணியது. அந்த மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு.

ஆனால் ஒரு சந்தேகம். வழியிலேயே யாராவது கொட்டியிருந்தால்? காலிப் பாத்திரமும் உலர்ந்துதான் இருக்கும். விரலை மடக்கி வயிற்றில் தட்டப் போனார். அதற்குள் கூட்டம் சூழ்ந்துகொண்டது.

வெள்ளை ஷூ ஒலிபெருக்கியைப் பிடித்தார். கால் மணி நேரம் பேசினார். பாலைவனம் வந்தது, கடல் வந்தது, தேநீர் வரவில்லை. பந்தியில் இலை போட்டுவிட்டுப் பரிமாறுகிறவன் காணாமல்போன மாதிரி ஜனங்கள் நின்றார்கள். கடைசியில் அவர் குழாயைக் காட்டி, "இதைத் திறந்தால் வருவது தேநீர் அல்ல. காலம்!" என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். ஹோட்டல் முதலாளியம்மா படத்துக்காகக் குழாயில் கை வைத்தார். "திருப்புங்கம்மா, திருப்புங்க, நல்லா விழும்," என்றான் படக்காரன். திருப்பினார்.

காலம் வந்தது. பச்சையாக வந்தது.

மூன்று வாரம் பித்தளைக்குள் வெங்கார மிச்சத்தோடு ஊறிய தண்ணீர். வாழைத்தண்டு கனத்தில் பாய்ந்து, நேராக அந்த வெள்ளை ஷூக்கள் இரண்டையும் குளிப்பாட்டியது. இதில் வேடிக்கை என்னவென்றால், இதுவும் ஏற்பாடுதான் என்று நினைத்து ஜனங்கள் இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். ஒருத்தர் "அற்புதம்!" என்று கத்தினார். பிறகுதான் நாற்றம் போய்ச் சேர்ந்தது. முன்வரிசை மூக்கைப் பிடித்தது. முதலாளியம்மா பதறி இன்னும் திருப்பினார். குழாய் முழுசாகத் திறந்துகொண்டது. துணி கொண்டு வா, வாளி கொண்டு வா என்று நாலாபக்கமும் ஓட்டம். படித்தவர்கள் அத்தனை பேர் நின்ற கூடத்தில் ஒரு குழாயை எந்தப் பக்கம் மூடுவது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

பத்துக்காரர் அவசரப்படவில்லை. தண்ணீர் உள்ளே இருந்தது. அந்த ஒரு சேதி போதும். கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு நடந்து போய் ஒரு விரலால் மூடினார். மூடிய குழாயிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை.

சின்னவன் அவரைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

"ஊத்தாதீங்கன்னு சொன்னேனா இல்லையா? மானத்த வாங்கிட்டீங்களே அத்தான்! கூடப் பொறந்தவ புருஷன்னு பாக்கறேன்..."

"எத்தன நாள்டா ஆச்சு?"

"என்ன எத்தன நாள்?"

"எட்டு வாளி. மூணு வாரம். லாரியில ஏத்தி, எறக்கி, பத்துப் பேரு தூக்கி. போய்த் தொட்டுப் பாரு. அடியில கைய வுட்டுப் பாரு."

"இப்ப அதா முக்கியம்?"

"உங்கப்பன் பெத்த புள்ளயா இருந்தா தொட்டுப் பாரு."

சின்னவன் என்னதான் முதலாளியானாலும் பட்டறையில் பிறந்தவன். திட்டிக்கொண்டேதான் போனான். துடைக்கிறவர்களுக்கு நடுவே குனிந்து, பின்பக்கமாகக் கையை விட்டு, மூட்டைச் சுற்றி ஒரு முழு வட்டம் ஓட்டினான். கையை வெளியே எடுத்து விரல் நுனியைப் பார்த்தான். கட்டைவிரலால் தேய்த்தான்.

"காஞ்சு கெடக்கு," என்றான் திரும்பி வந்து.

"ஏன்டா, வாக்குக் குடுத்தியாமே?" என்றாள் பின்னாலேயே வந்து நின்ற அக்கா. புருஷன் எப்போது சொன்னாரோ, எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. "ஜன்னல் யாருக்குடா?"

"வீட்ல பேசிக்கலாம்க்கா."

"வீட்ல என்னத்தப் பேச? நனையல. அவ்ளோதான்."

பேச வேண்டிய அவசியமே வரவில்லை. நான்காம் நாள் ஹோட்டலிலிருந்து ஆள் வந்தது. குழாயை நிரந்தரமாக அடைத்துத் தர வேண்டுமாம்; இனி யாரும் திருப்பவே முடியாதபடி. சின்னவன் கேஸ் பெட்டிக்காரனை அனுப்பினான். அவன் போய்ப் பார்த்துவிட்டு, என் நெருப்பு பட்டால் மெருகெல்லாம் கருத்துப்போகும், ஒட்டகமெல்லாம் உருகிக் கழுதையாகிவிடும் என்று சொல்லித் திரும்பி வந்தான். மெருகு கெடாமல், சின்னச் சூட்டில், ஈயம் வைத்து அடைக்கிற கை ஒன்றுதான் இருந்தது. அது வாசலில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தது.

சின்னவன் வந்து ஸ்டூலுக்கு முன்னால் நின்றான். பத்துக்காரர் நிமிரவில்லை. சின்னவன் போனான். பட்டறைக்குள் ஏதோ இழுபடுகிற சத்தம் கேட்டது. கேஸ் பெட்டி ஜன்னலடியிலிருந்து எதிர்ச்சுவருக்குப் போனது. சுத்தியும் அரமும் கட்டிய சாக்கைச் சின்னவன் தானே தூக்கிக்கொண்டு போய் மேடையில் வைத்துவிட்டு வந்தான்.

"இப்பப் போறீங்களா?"

"இப்பப் போறேன்."

தானே அரைத்துப் பொருத்திய குழாயைத் தன் கையாலேயே அடைக்கிறோமே என்று அவர் வருத்தப்படவில்லை. அதை வைத்துக்கொள்ளத் தெரியாதவர்களுக்கு அது எதற்கு? கூடத்தில் அந்த மத்தியானம் கூட்டுகிற பெண் ஒருத்தியைத் தவிர ஆளில்லை. வயிற்றில் மிச்சமிருந்த பழைய தண்ணீரைக் குழாய் வழியாகவே முழுசாக வடித்துக் கொட்டிவிட்டு, குழாயின் உட்புறத்தைத் துணியால் ஒற்றி எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஈயத்தை உருக்கி வாயை அடைத்து, அரத்தால் ராவி, துணியால் தேய்த்தார். எங்கே அடைத்தது என்று தேடினாலும் தெரியாது.

ஆறட்டும் என்று கொஞ்சம் உட்கார்ந்திருந்தவர், எழுந்து அந்தப் பெண்ணிடம் போனார்.

"தாயி, அந்த வாளியக் குடு. நல்ல தண்ணி எங்க வரும்?"

"எதுக்குப் பெரியவரே?"

"வா, ஒரு கை குடு. ஒத்தையா எட்டு வாளி தூக்கமாட்டேன். போன தடவையே தோள் போச்சு."

அவர் ஸ்டூலில் நின்றார். அவள் மொண்டு மொண்டு கொடுத்தாள். எட்டாவது வாளியோடு கழுத்துவரை நிறைந்தது. கெண்டியைத் திருகி முடுக்கினார். இறங்கி வந்து, மடித்துக் கொண்டுவந்திருந்த பழைய செய்தித்தாளைப் பிரித்து, வயிற்றுக்கு அடியில் கருங்கல் மேல், வெளியே தெரியாதபடி செருகினார்.

"அன்னிக்கு நாறினது பத்தாதா?" அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இப்பத் தொறக்கவும் முடியாது. உள்ள எதுக்குத் தண்ணி?"

"வெளியில அவங்க என்னத்த வேணா எழுதி ஒட்டிக்கட்டும். உள்ள அது பாத்திரம்." கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார். "தினம் கூட்டறப்போ அந்தத் தாளத் தொட்டுப் பாரு. நனைஞ்சிருந்துச்சுன்னா பட்டறைக்குச் சொல்லி அனுப்பு. ஜன்னலடியில இருப்பேன்."

வருஷம் ஒன்று ஆகிறது. ஜனங்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். வெள்ளை ஷூ இப்போது கறுப்பு ஷூவில் வந்து விருந்தாளிகளுக்கு உரையாடலை விளக்குகிறாராம். பட்டறைக்கு இன்னும் ஒரு சேதியும் வரவில்லை.